47:12-இல் சத்தம் வராது

1

இந்தக் கதை ஒரு திட்டில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இதை எழுதினவன் கையில கிடைச்சா, கட்டிப்போட்டு இதே படத்தை மூணு தடவை காட்டணும்" என்று முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். எழுபத்தாறு பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். எழுபத்தேழாவதாகத் தட்டியவள் என் மனைவி. எழுதினவன் நான்.

படம் முப்பத்தொரு வருஷம் பழையது. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட நான்கு பையன்களின் கதை. பதினொரு நாளில் எடுத்தது. நான்கு நாள் ஓடியது. (ஐந்து என்று இயக்குநர் சாதிப்பார். ஐந்தாம் நாள் தியேட்டரில் இருந்தது போஸ்டர் மட்டும்தான்.) பெட்டிக்குள் நிம்மதியாகச் செத்துக் கிடந்ததை எந்தப் புண்ணியவானோ தூசி தட்டி இணையத்தில் ஏற்றிவிட்டார். கீழே 312 கருத்துகள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் பார்க்கப் போய்விடுவீர்கள். பார்த்துவிட்டால் இந்தப் பக்கமே திரும்பமாட்டீர்கள்.

2

வாரப் பத்திரிகைகளுக்குத் திகில் தொடர் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் அத்தியாயங்கள் யாராவது கதவைத் திறப்பதில் முடியும். அடுத்த வாரம் பார்த்தால் கதவுக்கு வெளியே பால்காரர் நிற்பார். அந்தப் பழக்க தோஷத்தில் இதற்கும் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கின் முன் நின்றவன் வாயைத் திறந்தான். அடுத்த நொடி—"

அடுத்த நொடி ஒன்றும் நடக்கவில்லை. விஷயமே அதுதான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்புள்ள மகளே,"

அவள் என் மகள் இல்லை. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "ஒரு மத்தியானம் அண்ணனும் தம்பியும் அப்பாவின் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியது"

இங்கே பேனா நின்றுவிட்டது. [பேனா இல்லை, விசைப்பலகை. ஆனால் 'விசைப்பலகை நின்றுவிட்டது' என்று எழுதினால் ரிப்பேர்காரரைக் கூப்பிடச் சொல்வீர்கள்.] இதை மட்டும் அடிக்காமல் ஓரமாக வைத்தேன். பிறகு வேண்டியிருக்கும்.

3

'வழிதவறிய இளைஞர்களின் அவலத்தைப் பேசும் படம்' என்று அன்றைக்கு விளம்பரம் செய்தோம். அவலம் என்பது வரைக்கும் சரி என்கிறார்கள் மக்கள். சில மாதிரிகள்:

"பசங்க எல்லாருக்கும் முப்பது வயசு இருக்கும். திருந்தி வெளிய வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவாங்க."

"ஜெயில் சுவர் துணிதான். 22-வது நிமிஷம் காத்துல ஆடுது. தப்பிக்க ஏணி எதுக்கு, தும்மினாப் போதுமே."

"நீதிபதி போட்டிருந்த கண்ணாடியை அடுத்த சீன்ல வார்டன் போட்டிருக்கார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

(அந்தக் கண்ணாடி இயக்குநருடையது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டதால் அந்த இரண்டு காட்சிகளையும் அவர் எடுக்கும்போது பார்க்கவில்லை. மற்ற காட்சிகளுக்கு அவர் என்ன காரணம் சொல்வார் என்று தெரியவில்லை.)

சிரித்துக்கொண்டுதான் படித்தேன். திட்டு வாங்குவது என் தொழிலில் ஒரு பாதி. ஆனால் நூற்றுச் சொச்சமாவது கருத்தாக ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "நான் இந்த மாதிரி இடத்துல ரெண்டு வருஷம் இருந்தவன். படத்துல எல்லாம் டூப்பு. ஆனா அந்தப் பையன் செருப்பைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்குறானே, அது நிஜம். இல்லேன்னா காலையில செருப்பு இருக்காது. யாரோ உள்ள இருந்தவன்தான் சொல்லியிருக்கணும்."

சொன்னவன் என் தம்பி. பதினாலு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு சொன்னான். மறுநாள் ஆபீசில் பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவனைக் கேட்கவில்லை. டைட்டிலில் போட்டதும் புனைபெயர்தான். ஆபீசுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

4

எல்லாரும் அடித்துக்கொள்வது 47:12-க்காக.

நாற்பத்தேழாவது நிமிஷத்தில், முக்கியப் பையன் வார்டனின் மேஜை முன் நிற்கிறான். ஒரு விபத்துக்காக உள்ளே வந்தவன். அதுவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வார்டன் கேட்கிறார். பையன் தலை நிமிர்கிறான், வாயைத் திறக்கிறான், உதடு அசைகிறது. சத்தம் இல்லை. நான்கு நொடி. பிறகு வார்டன், "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கண்ணாடியைக் கழற்றாமல்.

"என் போன்ல மட்டும்தான் சத்தம் வரலையா?" என்று ஒருவர் ஆரம்பித்துவைத்தார். அறுபத்தொரு பதில்கள். போனை அணைத்துப் போடச் சொன்னவர்கள் ஒன்பது பேர். ஓர் ஆராய்ச்சி மாணவர், அதிகாரத்தின் முன் மொழி தோற்கும் கணம் அது என்றும், அந்தக் காலத்திலேயே அப்படி யோசித்த மேதை யார் என்றும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். இயக்குநர் இதைப் பார்த்திருந்தால் அன்றே அடுத்த படத்துக்குப் பூஜை போட்டிருப்பார். கடைசியில் ஒருவர் வந்து பஞ்சாயத்தை முடித்தார்: "எனக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் படிப்பேன். 'வண்டியை ஓட்டினது நான்தான்' என்கிறான். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?"

அதற்குக் கீழே, பதினொரு நாளைக்கு முன், ஒரு பெண்.

"அந்தப் பையனுக்குக் குரல் கொடுத்தது எங்க அப்பா. சின்ன வயசுல வண்டியில ஒருத்தரை இடிச்சுட்டு உள்ள போனவர்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. நாங்க போனா மட்டும் அவங்க வீட்டு ஆணியில வண்டிச் சாவி காணாமப் போகும், சின்னதுல இருந்து பார்க்கிறேன். படம் பூரா பேசினவர் இந்த ஒரு வரியை மட்டும் ஏன் பேசலன்னு கேட்டா எழுந்து போயிடுறார். எங்க அப்பா அதைச் செஞ்சாரா இல்லையா? இதை எழுதினவர் உயிரோட இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க."

ஒரே ஒரு பதில்தான் வந்திருந்தது: "எழுதினவர் உயிரோட இருக்கக்கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிறேன்."

5

சரி, கதைக்கு வருகிறேன். இதற்குமேல் தாமதித்தால் என் தொடர்களைப் போல இழுக்கிறேன் என்பீர்கள்.

ஓரமாக வைத்த மூன்றாம் தொடக்கத்தை எடுத்து இப்படி முடித்தேன்:

"ஒரு மத்தியானம் அண்ணனும் தம்பியும் அப்பாவின் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டியது தம்பி. அவனுக்குப் பதினாறு வயது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இருபத்தொன்று. ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்று வாரம். பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு தச்சர் சைக்கிளில் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போனது. ஈரச் சோப்பை மிதித்த மாதிரி, வலது காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. தச்சருக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. தம்பியைக் கொண்டுபோனார்கள்."

நன்றாகத்தான் இருந்தது. அந்த ஈரச் சோப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அச்சடித்து மனைவியிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் படிப்பது அவள்தான், இருபத்தேழு வருஷமாக. பாராட்டியது இரண்டு தடவை, இரண்டும் என் பிறந்தநாளில்.

அவளுடைய உத்தியோகத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வாக்குமூலங்களைப் படிப்பது. 'மரம் திடீரென்று என் காருக்கு முன் வந்தது' என்று எழுதுகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. இருபது வருஷம் அதைச் செய்தவளிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். உலகத்திலேயே இப்படி ஒரு தப்பை என்னைப் போன்ற எழுத்தாளன்தான் செய்வான். நல்ல வர்ணனை வந்துவிட்டால் அது யாருடைய காலில் இருந்து வந்தது என்று பார்க்கமாட்டோம்.

6

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தாள். பென்சிலால் 'பெடல்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

பின்னால் என்றேன்.

"பின்சீட்டுல பெடல் இருக்கா?"

எழுத்தாளனின் கற்பனை, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று ஏதோ சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். ஆபீசிலும் அப்படித்தான் கேட்பாளாம். பேசுகிறவரைப் பேசவிட்டால் அவரே வந்து விழுவார் என்பாள்.

"தச்சர் என்ன சட்டை போட்டிருந்தார்னு இதுல இல்ல. சைக்கிள் என்ன கலர்னு இல்ல. உங்க தம்பி முகம்கூட இல்ல. பெடல் மட்டும் ஈரச் சோப்பு. இப்படி ஒரு வாக்குமூலம் வந்தா, நாங்க ஓட்டினவர் பேரை மாத்தி எழுதிட்டுத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்."

[இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கதாநாயகர்கள் சொல்வார்கள். எத்தனை யோசித்தும் அன்று நான் சொன்னதாக ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. இருந்தால்தானே.]

அவள் போனை எடுத்து, அந்தப் பெண்ணின் கருத்தைத் தேடி, முதல் முறையாக முழுசாகப் படித்தாள். ஆணியில் காணாமல் போகும் சாவி என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். எங்கள் வீட்டு வாசல் பக்கத்து ஆணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்து ஒளிச்சு வெப்பேன். அரிசி டப்பாக்குள்ள. உங்க தம்பி வர்றப்பல்லாம். நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

7

ஆக, திருத்தப்பட்ட பதிப்பு. அழகு இல்லாமல் எழுதுகிறேன். அழகாக எழுதினால் மறுபடி தப்பித்துவிடுவேன்.

ஓட்டியது நான்.

பிரேக் இரண்டு நாளாகவே சரியில்லை. எனக்குத் தெரியும். தம்பி பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தான். விழுந்ததும் முதலில் எழுந்து தச்சரிடம் ஓடியது அவன். நான் ஸ்கூட்டரை நிமிர்த்தினேன்.

சாயங்காலம் சமையலறையில் அப்பா முடிவெடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் இருவரையும் பார்க்காமல், சொட்டிக்கொண்டிருந்த குழாயிடம் பேசினார். சின்னவன் மைனர், கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெரியவனுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. தச்சர் யார் ஓட்டினார்கள் என்று பார்க்கவில்லை என்கிறார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பரீட்சைக்கு முன்னாடி விட்டுடுவாங்களாப்பா?"

அப்போது நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உதடு அசைந்தது என்றுகூடச் சொல்வேன். காது கேளாத அந்த நண்பர் அன்றைக்கு எங்கள் சமையலறையில் இருந்திருந்தால் படித்திருப்பார்.

அவன் பரீட்சை எழுதவில்லை. அந்த வருஷமும் எழுதவில்லை, அடுத்த வருஷமும் எழுதவில்லை.

8

இப்போது 47:12. ஆராய்ச்சி மாணவர் மன்னிக்கவும்.

கதாநாயகன் தயாரிப்பாளரின் அக்காள் மகன். பார்க்கப் பரவாயில்லை, வாயைத் திறந்தால் கொசு. வேறு குரல் வேண்டும் என்று இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம், மேலே விளக்குக் கம்பியில் இருந்து "ஏணியைப் பிடிங்கய்யா" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டூடியோவில் ஒயர் இழுக்கும் வேலைக்கு வந்த என் தம்பி. இயக்குநர் அவனை ஏணியோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இழுத்துவந்தார்.

இரண்டு நாள் பேசினான். அவன் சொன்ன கதை, அவன் அனுபவித்த அடி, அவன் தலைக்கு வைத்த செருப்பு. எல்லாம் என் கையெழுத்தில், அவன் கையில். திரையில் அந்தத் துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடும்; உதட்டோடு சேர்த்துப் பேச வேண்டும். நன்றாகவே பேசினான். சில இடங்களில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்கூட.

பிறகு அந்த வரி வந்தது. 'வண்டியை ஓட்டினது நான்தான்.' அதை நான் எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கதைக்கு ஓர் உச்சம் தேவைப்பட்டது. பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் மக்கள் அழுவார்கள். அவ்வளவுதான் யோசித்தேன்.

படம் ஓடியது. பேசவில்லை. இரண்டாம் தடவை ஓடியது. பேசவில்லை. மூன்றாம் தடவை ஓடும்போது மைக்கிலிருந்து ஓர் அடி பின்வாங்கி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னான்.

"இது என் வசனம் இல்லண்ணா."

தாளை மடித்து ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கூடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. 'பரவாயில்லை, மௌனம்தான் மகத்தானது' என்று இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் நினைத்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு போய் மைக்கின் முன் நின்று அந்த ஒரு வரியை நானே பேசியிருக்கலாம். நான்கு நொடி வேலை.

அதற்குப் பிறகு நானும் தம்பியும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பார்த்துக்கொள்வோம். அவன் வீட்டில்தான் கேள்வி கேட்ட அந்தப் பெண் பிறந்தாள், வளர்ந்தாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். அந்தப் புனைபெயர் என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது.

9

முடிவுகள். மூன்று தயாரித்தேன், பழக்கம் விடாது.

(அ) நான் பதில் எழுதுவதற்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால்—. (பால்காரர்.)

(ஆ) 'அந்த வரி ஒலிப்பதிவில் அழிந்துவிட்டது, தொழில்நுட்பக் கோளாறு' என்று புனைபெயரில் மரியாதையாக ஒரு பதில். எல்லாருக்கும் நிம்மதி, அவளைத் தவிர. இதைத் தட்டி முடித்து, அனுப்பும் பொத்தான் வரை போய்விட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

(இ) முதலில் தம்பியைக் கேட்பது. சொல்லாமல் இருக்க உரிமை உள்ளவன் அவன்தானே என்று ஒரு சாக்கு. 'எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வார், அந்தத் தைரியத்தில் கேட்கிறீர்கள்' என்றாள் மனைவி. எண்ணை அவளே அழுத்திக் கொடுத்தாள்.

அவன் இப்போது லிஃப்ட் மெக்கானிக். போனை எடுத்தபோது ஏதோ ஒரு கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. படத்தில் கேட்ட அதே குரல். ஒரு கீறல் விழவில்லை.

"உன் பொண்ணு அந்தப் படத்துக்குக் கீழ ஒண்ணு கேட்டிருக்காடா."

"தெரியும்ணா. நான்தான் எழுதினவரைக் கேட்டுக்கோன்னு சொன்னேன்."

கேள்விக்கும் பதினொரு நாளாகிறது, அவனுக்கும் நான் படிப்பேன் என்று தெரிந்திருக்கிறது. நீயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் சொன்னா, அப்பா தப்பிக்கப் பார்க்குறார்னு நினைப்பா. உள்ள போயிட்டு வந்தவன் எல்லாம் அதைத்தானே சொல்றான், நான் பண்ணலைன்னு." கீழே யாரோ கூப்பிட்டார்கள், 'ஒரு நிமிஷம் சார்' என்று கத்தினான். பிறகு என்னிடம், மெதுவாக: "அன்னைக்கே சொன்னேனே. அது உன் வசனம். சரி வைக்கட்டுமா, ஆறாவது மாடியில ஒரு அம்மா மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு."

அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தது. அரிசி டப்பாவைத் திறந்து, அவன் போன தடவை வந்தபோது ஒளித்துவைத்த சாவியை எடுத்து, துடைத்து, ஆணியில் மாட்டினாள்.

10

இவ்வளவையும் இந்தக் கதையில் எழுதிவிட்டேனே, இதுவே ஒப்புதல்தானே என்று அவளிடம் வாதாடிப் பார்த்தேன்.

"கதைன்னு மேல போட்டா யாரும் நம்பமாட்டாங்க. உங்களுக்கு அதானே வசதி" என்றாள்.

கருத்துப் பெட்டியில் இதுவரை தட்டியிருப்பது இவ்வளவு: "உயிரோடதான் இருக்கேன்மா. உன் பெரியப்பா பேசறேன். வண்டியை ஓட்டினது"

மீதி ஒரு சொல்.

இந்தக் கதையை அனுப்பும்போது கருத்துகளின் எண்ணிக்கை 312. நீங்கள் படிக்கும்போது 313 ஆகியிருந்தால் அது நானாகவும் இருக்கலாம், முடி வளரும் தைலத்தின் விளம்பரமாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்துச் சொல்ல உங்களுக்குப் படத்தின் பெயர் தெரியாது. அதை ஏன் சொல்லவில்லை என்று முதல் பகுதியில் ஒரு காரணம் சொன்னேனே, அது பொய் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே முடிவு உங்களுடையது. ஆனால் இத்தனை நேரம் நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் பின்சீட்டு. அங்கிருந்து பார்த்தால் நான் எப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் முன்னால் வாருங்கள். கைப்பிடியைப் பிடியுங்கள். எதிரே ஒருவர் சைக்கிளில் வருகிறார். வலது காலைக் கீழே வையுங்கள்.

ஏதாவது தட்டுப்படுகிறதா?